புள்ளும் புகைப்படமும்

முன்னுரை

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்த தமிழிலக்கணம், அவ்வந்நிலத்துக் கருப்பொருள்களை எண்ணும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம் ஆகியவற்றோடு புள்ளையும் சேர்த்து எண்ணியது. பறவை இல்லாத நிலத்தை நம் முன்னோர் நிலமாகவே கருதவில்லை எனலாம். அவர்கள் பறவையைக் கூர்ந்து நோக்கினர். நோக்கியதைத் திரிக்காமல் சொன்னார்கள். சத்திமுற்றப் புலவர் நாரையின் அலகைப் பிளந்த பனங்கிழங்குக்கு ஒப்பிட்டதை நாம் அறிவோம். அவ்வுவமை இன்றும் நிலைத்து நிற்பதற்குக் காரணம் அதன் அழகு மட்டுமன்று. செங்கால் நாரையை நேரில் கண்டவர் எவரும் அந்த ஒப்புமை சரியானது என்பதை உடனே உணர்வர். அழகும் வாய்மையும் அங்கே பிரியாமல் நிற்கின்றன.

பண்டைப் புலவன் சொல்லால் செய்த பணியை இன்று பலர் கேமராவால் செய்கின்றனர். கையடக்கத் தொலைபேசியிலேயே நல்ல படம் எடுக்க இயலும் இக்காலத்தில், பறவைகளைப் படமெடுப்பது செல்வர் சிலரின் பொழுதுபோக்கு என்ற நிலை மாறிவிட்டது. கல்லூரி மாணவர் பலரும் இத்துறையில் ஆர்வம் கொண்டுள்ளனர். எடுத்த படத்தைக் கணினியில் இட்டுச் செம்மை செய்யும் வழிகளும் பெருகியுள்ளன. இந்நிலையில் இரண்டு வினாக்கள் எழுகின்றன. படம் எடுப்பதற்காகப் பறவையை எவ்வளவு நெருங்கலாம்? எடுத்த படத்தை எவ்வளவு திருத்தலாம்? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண இக்கட்டுரை முற்படுகிறது.

துப்பாக்கியிலிருந்து கேமராவுக்கு

பறவையை அறிய வேண்டுமாயின் அதனைச் சுட்டு வீழ்த்தியே தீரவேண்டும் என்ற நிலை ஒரு காலத்தில் இருந்தது. 1827 முதல் 1838 வரை வெளிவந்த 'அமெரிக்கப் பறவைகள்' என்னும் பெருநூலைப் படைத்த ஜான் ஜேம்ஸ் ஆடுபான், சுட்ட பறவைகளைக் கம்பிகளால் கட்டி, உயிருள்ளவை போல நிறுத்தி வைத்தே ஓவியம் வரைந்தார். நம் நாட்டுப் பறவையியலின் தந்தை எனப் போற்றப்பெறும் சாலிம் அலி (1896–1987) அவர்களின் வாழ்வும் ஒரு துப்பாக்கியிலிருந்தே தொடங்குகிறது. சிறுவனாக இருந்தபோது தாம் சுட்ட குருவியின் தொண்டையில் மஞ்சள் நிறம் இருக்கக் கண்டு, அதன் பெயரறியப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தை நாடிச் சென்றார். அங்கே கண்ட பறவைத் தொகுப்பு அவருடைய வாழ்க்கையின் திசையையே மாற்றியது. அவர் எழுதிய 'இந்தியப் பறவைகள்' நூல் 1941இல் வெளிவந்தது. 1985இல் வெளிவந்த தன்வரலாற்றுக்கு அவர் 'ஒரு குருவியின் வீழ்ச்சி' என்னும் பொருள்படப் பெயரிட்டமை எண்ணத்தக்கது.

துப்பாக்கியின் இடத்தைக் கேமரா மெல்ல மெல்லப் பிடித்தது. இங்கிலாந்தைச் சேர்ந்த ரிச்சர்டு கீர்ட்டன், செர்ரி கீர்ட்டன் என்னும் உடன்பிறந்தார் 1892இல் முட்டைகளோடு கூடிய பறவைக்கூடு ஒன்றைப் படமெடுத்தனர். 1895இல் அவர்கள் வெளியிட்ட பறவைக்கூடுகள் பற்றிய நூல், முழுவதும் இயற்கைச் சூழலில் எடுக்கப்பட்ட புகைப்படங்களைக் கொண்டது. பறவைகள் அஞ்சி ஓடாதிருக்கும்பொருட்டு, உள்ளீடற்றதாகச் செய்யப்பட்ட எருதின் உருவத்துக்குள் மறைந்திருந்து அவர்கள் படமெடுத்தனர். இந்தியாவில் லோதர் என்பார் நெடுங்காலம் எடுத்த படங்கள் 1949இல் நூலாயின. சிங்கப்பூர்த் திரைப்படத் தொழிலதிபர் லோக் வான் தோ, சாலிம் அலியோடு இந்தியாவின் பல பகுதிகளுக்குச் சென்று எடுத்த படங்களை 1957இல் நூலாக வெளியிட்டார். அன்று கண்ணாடித் தகடும் படச்சுருளும் விலைமிக்கவை. எனவே ஒரு படத்துக்காகப் பல மணிநேரம் காத்திருக்கும் பொறுமை அவர்களிடம் இயல்பாகவே அமைந்தது.

தமிழகம் தந்த முன்னோடி

'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவைத் தமிழ் மாணவர் அறிவர். அவருடைய மைந்தர் மா. கிருஷ்ணன் (1912–1996) இந்திய இயற்கையியலின் முன்னோடிகளுள் ஒருவர் என்பதைப் பலர் அறியார். 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950 முதல் தம் இறுதிநாள் வரை காட்டுயிர் பற்றி அவர் தொடர்ந்து எழுதினார். தமிழிலும் எழுதினார். பத்மஸ்ரீ விருதும் பெற்றார். வண்ணப்படம் பரவிய காலத்திலும் கருப்பு வெள்ளைப் படத்தையே அவர் பெரிதும் விரும்பினார். வண்ணத்தின் கவர்ச்சி நீங்கும்போது உயிரினத்தின் வடிவமும் நிற்கும் நிலையும் சூழலும் தெளிவாக நம் கண்முன் வருகின்றன. நிறத்தை மிகுத்துக் காட்டினால்தான் படம் சிறக்கும் என்று எண்ணுவோர் அவருடைய படங்களை ஒருமுறை பார்த்தல் நலம்.

நெருங்கும் நெறி

பறவைப் படத்தின் முதல் விதி, பறவையின் நலம் படத்தினும் பெரிது என்பதாகும். இதனை அறவுரை என்று மட்டும் கொள்ளலாகாது. 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 'வேட்டை' என்னும் சொல்லுக்குத் தரும் விளக்கத்தில், பறவைகளின் முட்டைகளைச் சிதைத்தலோடு, முட்டைகளுக்கோ கூட்டுக்கோ இடையூறு செய்தலையும் அடக்கியுள்ளது. கையில் துப்பாக்கி இன்றிக் கேமரா மட்டுமே ஏந்தியவனும் சட்டத்தின் கண்ணில் வேட்டைக்காரன் ஆகக்கூடும் என்பது இதனால் விளங்கும். சரணாலயத்துக்குள் படமெடுப்பதற்கு அனுமதி பெறும் முறையும் அச்சட்டத்தில் உண்டு.

கூட்டருகே எடுக்கும் படத்தில் தீங்கு எவ்வாறு நேர்கிறது என்பதை அறிதல் வேண்டும். கூடு தெளிவாகத் தெரியவேண்டும் என்று மறைக்கும் இலைகளையும் சிறு கிளைகளையும் சிலர் ஒடித்துவிடுகின்றனர். அந்த இலைகளே குஞ்சுகளுக்குக் குடையும் கதவும் ஆவன. அவை நீங்கியதும் வெயில் நேரே விழுகிறது. காக்கையும் வல்லூறும் கூட்டைக் காண்கின்றன. மனிதன் அருகில் நிற்பதால் தாய்ப்பறவை கூட்டுக்குத் திரும்ப அஞ்சுகிறது. முட்டை குளிர்கிறது; குஞ்சு பசியால் சோர்கிறது. படம் அழகாக அமைந்திருக்கும். அதில் இடம்பெற்ற குஞ்சோ மறுநாள் உயிரோடு இராது. இதனாலேயே கூட்டுப் படங்களை ஏற்பதில்லை என்று பல போட்டிகளும் அமைப்புகளும் விதி வகுத்துள்ளன. கூட்டைக் காக்கும் பறவையின் சினத்தையும் எளிதாக எண்ணலாகாது. புகழ்பெற்ற ஆங்கிலேயப் பறவைப் படக்கலைஞர் எரிக் ஹாஸ்கிங், 1937இல் ஆந்தைக் கூட்டின் அருகே அமைத்திருந்த மறைவிடத்துக்குச் சென்றபோது ஆந்தை தாக்கியதால் தம் இடக்கண்ணை இழந்தார்.

பதிவு செய்த குரலை ஒலிக்கச் செய்து பறவையை வரவழைப்பதும் தவறே. தன் எல்லைக்குள் எதிரி நுழைந்துவிட்டான் என்று கருதி வரும் பறவை, இரைதேடும் நேரத்தையும் ஆற்றலையும் வீணே செலவிடுகிறது. கோடியக்கரைக்கு ஆயிரக்கணக்கான கல் தொலைவு கடந்து வரும் உள்ளான்களும் பிற கரைப்பறவைகளும், திரும்பிச் செல்லும் பயணத்துக்கு வேண்டிய கொழுப்பை உடலில் சேர்த்தாக வேண்டும். கூட்டம் ஒருசேரப் பறக்கும் காட்சி வேண்டும் என்று அவற்றை ஒருமுறை விரட்டினாலும் அந்தச் சேமிப்பு கரைகிறது. இரவுப் பறவைகளான ஆந்தை, பக்கி ஆகியவற்றின் கண்ணில் திடீரென மின்னொளியைப் பாய்ச்சுவதும் தவிர்க்கத்தக்கது.

இந்நெறி நமக்குப் புதியதன்று. செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் ஊரார், தம் ஏரிக்கு வரும் பறவைகளை இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்து வருகின்றனர். பறவைகளைச் சுடுவதைத் தடுக்க 1798இல் ஆங்கிலேய ஆட்சியரிடம் அவர்கள் உரிமை பெற்றனர் என்பது வரலாறு. பறவையின் எச்சம் கலந்த ஏரிநீர் தம் வயலுக்கு உரமாகும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். அங்கே ஏரிக்கரையிலும் பார்வைக் கோபுரத்திலும் நின்றே நத்தைக்குத்தி நாரையையும் கூழைக்கடாவையும் அரிவாள் மூக்கனையும் படமெடுக்கலாம். ஏரியின் நீர்ப்பரப்பே நமக்கும் பறவைக்கும் இடையே வரம்பாக நிற்கிறது. திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்திலும் ஊரார் பறவைகளை விருந்தினராகக் கருதிப் பேணுகின்றனர். வேடந்தாங்கலும் கூந்தன்குளமும் 2022இல் ராம்சர் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன. இவ்வூர்களில் படமெடுக்கச் செல்வோர், அவ்வூராரின் காவலைத் தாமும் ஏற்றவராகவே அங்கு நிற்கவேண்டும்.

ஒளியை அளத்தல்

பஸராவில் ஏறத்தாழ 965இல் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த அறிஞர் இப்னுல் ஹைத்தம், 'கிதாபுல் மனாழிர்' என்னும் தம் ஒளியியல் நூலில், பொருள்களிலிருந்து வரும் ஒளி கண்ணை அடைவதாலேயே காட்சி நிகழ்கிறது என்று நிறுவினார். சிறு துளை வழியே இருண்ட இடத்தில் ஒளி உருவாக்கும் பிம்பத்தையும் அவர் ஆராய்ந்தார். இன்றைய கேமராவும் அடிப்படையில் ஒரு துளையும் ஓர் இருட்டறையுமே ஆகும். பறவையின் இறகில் பட்டுத் தெறித்த ஒளி அத்துளை வழியே வந்து பதிகிறது. ஆகவே படம் என்பது பறவை நம்மிடம் ஒப்படைத்த ஓர் அமானிதம் எனலாம். அதனை முறையாக வாங்கவும் முறையாகக் காக்கவும் கடமைப்பட்டுள்ளோம்.

முறையாக வாங்குவதற்குச் சில நுட்பங்கள் உள. பறவை தொலைவில் இருப்பதால் 400 முதல் 600 மில்லிமீட்டர் வரையிலான குவிய நீளம் கொண்ட லென்ஸ் பெரிதும் பயன்படும். இத்தகைய லென்ஸில் கையின் சிறு நடுக்கமும் படத்தைக் கலைக்கும். கிளையில் அமர்ந்த பறவைக்கு நொடியில் 500இல் ஒரு பங்கு, பறக்கும் பறவைக்கு 2000இல் ஒரு பங்கு என்ற அளவில் ஷட்டர் வேகத்தைக் கொள்வது தொடக்கநிலையினர்க்கு ஏற்ற அளவாகும். காலையிலும் மாலையிலும் சாய்ந்து வரும் ஒளி இறகின் மென்மையைக் காட்டும். உச்சிவெயிலோ கண்ணையும் மார்பையும் நிழலில் ஆழ்த்தும். கேமராவைப் பறவையின் கண்மட்டத்துக்குத் தாழ்த்தி எடுக்கும் படம், பறவையின் உலகுக்குள் நம்மை அழைத்துச் செல்லும். கண் தெளிவாக அமையாத படம், ஏனைய உறுப்புகள் தெளிவாக இருப்பினும், உயிரற்றதாகவே தோன்றும்.

ஒளியளவில் மாணவர் அடிக்கடி தடுமாறும் இடம் வெள்ளைக் கொக்கு ஆகும். கேமராவின் ஒளிமானி, எதிரே உள்ள காட்சி முழுவதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கருதியே கணக்கிடுகிறது. கரிய நீரின் முன்னே சிறிய கொக்கு நிற்குமானால், கருமையே மிகுதி என்று கண்டு ஒளியைக் கூட்டிவிடுகிறது. அதனால் கொக்கின் இறகுகள் வரியின்றி வெளுத்த காகிதம் போலாகின்றன. அங்கே ஒளியளவைக் குறைத்தல் வேண்டும். மாறாக, வெளிர்வானின் முன்னே பறக்கும் பருந்து கரிய நிழலுருவாகிவிடும். அங்கே ஒளியளவைக் கூட்டுதல் வேண்டும். நிழலில் மறைந்ததைக் கணினியில் ஓரளவு மீட்கலாம். முற்றும் வெளுத்த இறகை எந்த மென்பொருளாலும் மீட்க இயலாது. ஏனெனில் அங்கே மீட்பதற்கு எதுவுமே பதியவில்லை.

மூலமும் படியும்

திருத்தம் செய்யாத படமே உண்மையான படம் என்று கூறுவோர் உளர். அக்கூற்று ஆராயத்தக்கது. கேமராவின் ஒளியுணரியில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் செம்மை, பசுமை, நீலம் ஆகிய மூன்றனுள் ஒன்றை மட்டுமே பதிகிறது. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் உருவாக்கி 1976இல் காப்புரிமை பெற்ற முறைப்படி, நான்கு புள்ளிகளுள் இரண்டு பசுமையையும், ஒன்று செம்மையையும், ஒன்று நீலத்தையும் ஏற்கும். ஒவ்வொரு புள்ளியிலும் விடுபட்ட இரு நிறங்களை அண்டைப் புள்ளிகளைக் கொண்டு கருவி கணக்கிட்டு நிரப்புகிறது. எனவே நாம் கைவைப்பதற்கு முன்பே படத்தில் ஒரு கணிப்பு நிகழ்ந்துவிடுகிறது. படச்சுருள் காலத்திலும் இருட்டறையில் கையால் நிழலிட்டு ஓரிடத்தை வெளுப்பாக்கியும் பிறிதோரிடத்தைக் கருமையாக்கியும் படிகளை உருவாக்கினர். ஆகவே திருத்தம் கூடாது என்று கூறுவதில் பொருளில்லை. எத்தகைய திருத்தம் தகும் என்பதே வினா.

கேமரா தரும் கோப்பு இருவகைப்படும். ஒளியுணரி பதிந்ததை ஏறத்தாழ அவ்வாறே வைத்திருப்பது 'ரா' கோப்பு. கருவியே செம்மை செய்து சுருக்கித் தருவது 'ஜேபெக்' கோப்பு. ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிநிலைகளே உண்டு. ரா கோப்பில் கருவிக்கேற்ப 4,096 அல்லது 16,384 படிநிலைகள் உண்டு. கொக்கின் வெண்மைக்குள் மறைந்திருக்கும் மெல்லிய நிழல்களும், அண்டங்காக்கையின் கருமைக்குள் உறங்கும் நீலப்பளபளப்பும் இப்படிநிலைகளுக்கு இடையிலேதான் உள்ளன. தமிழ் மாணவர்க்கு விளங்கும் வகையிற் கூறின், ரா கோப்பு ஏட்டுச்சுவடி. ஜேபெக் கோப்பு பிறர் பெயர்த்தெழுதித் தந்த படி.

செம்பதிப்பும் இடைச்செருகலும்

இவ்வொப்புமையைச் சற்றே விரித்தால் நம் வினாவுக்கு விடை கிடைக்கும். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் (1855–1942) போன்ற பதிப்பாசிரியர்கள் செய்த பணி யாது? ஏட்டில் எழுத்தாணி கீறிய எழுத்து மங்கியிருப்பின், விளக்குக்கரியும் இலைச்சாறும் கலந்த மையைத் தடவிப் புலப்படச் செய்தல் மரபு. அந்த மை புதிய எழுத்து எதனையும் சேர்ப்பதில்லை. கீறப்பட்டு மறைந்திருந்ததையே காட்டுகிறது. படிகளை ஒப்பிட்டு ஏடெழுதியோர் பிழையை நல்ல பதிப்பாசிரியர் களைந்தார். ஐயமுள்ள இடங்களில் பாடவேறுபாடுகளைக் குறித்து வைத்தார். சிதைந்த இடத்தைத் தம் கவிதையால் நிரப்பவில்லை. நிரப்பியிருந்தால் அதனை இடைச்செருகல் என்று நாம் ஒதுக்கியிருப்போம், அவ்வரி எத்துணை இனிமையாக இருப்பினும்.

பறவைப் படத்தைத் திருத்துவோர்க்கும் இதுவே அளவுகோல். கீறப்பட்டதைப் புலப்படுத்துவது செம்பதிப்பு. கீறப்படாததைச் சேர்ப்பது இடைச்செருகல். ஒளியைச் சீர்செய்தல், நிழலைச் சற்றே உயர்த்துதல், சாய்ந்த நீர்மட்டத்தை நேராக்குதல், ஒளியுணரியின்மேல் படிந்த தூசியால் விழுந்த புள்ளியை நீக்குதல் ஆகியன முதல்வகை. தூசி கேமராவுக்குரியது, காட்சிக்குரியதன்று. பறவையின் முன்னே குறுக்கிட்ட கிளையை அழித்தல், வெற்று வானில் இன்னொரு பறவையை ஒட்டுதல், அலகில் இல்லாத மீனை வைத்தல், ஒளியற்ற கண்ணில் ஒளிப்புள்ளி இடுதல் ஆகியன இரண்டாம் வகை. கிளை அழகைக் கெடுத்திருக்கலாம். ஆயினும் அப்பறவை எத்தகைய மரத்தில் அமர்ந்தது என்பதற்கு அக்கிளையே சான்று.

பணியின் வரிசையும் அறியத்தக்கது. முதலில் மூலக்கோப்பைத் தனியே சேமித்து, படியிலேயே திருத்தம் செய்தல் வேண்டும். விலைகொடுத்து வாங்கும் போட்டோஷாப், லைட்ரூம் ஆகியவற்றோடு, கட்டணமின்றிக் கிடைக்கும் டார்க்டேபிள், கிம்ப் போன்ற மென்பொருள்களும் மாணவர்க்குப் போதுமானவை. அடுத்து வெண்சமநிலையைச் சீராக்கி, மர நிழலின் பச்சையும் மாலை வெயிலின் மஞ்சளும் எவ்வளவு இருக்கவேண்டும் என்று துணிதல் வேண்டும். பின்னர் மிகுவெளிச்சத்தையும் நிழலையும் சமன்செய்யலாம். மங்கிய ஒளியில் எடுத்த படத்தில் மணல் தூவினாற்போல் தோன்றும் இரைச்சலைக் குறைக்கலாம். மிகுதியாகக் குறைத்தால் இறகின் நுண்ணிழைகளும் அதனோடு மறைந்து, பறவை மெழுகுப் பொம்மை ஆகிவிடும். கூர்மையாக்கலை இறுதியில், அளவோடு செய்தல் வேண்டும். அளவு மீறினால் பறவையைச் சுற்றி வெள்ளைக்கோடு ஒன்று ஒளிவட்டம் போல் தோன்றிக் காட்டிக்கொடுத்துவிடும்.

வெட்டுதலும் கருத்தோடு செய்யத்தக்க திருத்தமே. படத்தின் ஓரத்தைக் குறைப்பதில் தவறில்லை. ஆயினும் குப்பைமேட்டை ஒட்டிய சதுப்புநிலத்தில் நிற்கும் நாரையின் படத்திலிருந்து குப்பையை மட்டும் வெட்டி நீக்கினால், அந்நிலம் நலமாக உள்ளது என்ற பொய்யை ஒரு சொல்லும் கூறாமலே நாம் கூறியவர் ஆவோம். எதனையும் சேர்க்காமலும் பொய் சொல்ல இயலும் என்பதற்கு இதுவே சான்று.

அண்மையில் பரவிவரும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் இவ்வரம்பை மேலும் நுண்மையாக்கியுள்ளன. மங்கிய படத்தைத் தெளிவாக்கித் தரும் கருவிகளுட் சில, தாம் முன்பு கற்ற ஆயிரமாயிரம் படங்களைக் கொண்டு இறகு வரிகளைத் தாமே ஊகித்து வரைந்துவிடுகின்றன. அவ்வரி அந்தப் பறவையின் உடலில் இருந்ததா என்பதைப் படம் சொல்லாது. மூலக்கோப்போடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் தெரியும். ஏட்டைப் பாராது அச்சுப்படியை மட்டும் நம்பும் ஆய்வாளன் நிலைதான் இங்கும்.

நிறத்தின் நேர்மை

மாணவர் பலர் முதலில் தொடுவது நிறச்செறிவைக் கூட்டும் விசையைத்தான். பனங்காடையின் நீலமும் மீன்கொத்தியின் நீலமும் சாயத்தால் அமைந்தவை அல்ல. இறகின் நுண்ணமைப்பு ஒளியைச் சிதறச் செய்வதால் அந்நிறம் தோன்றுகிறது. தேன்சிட்டின் கழுத்தும் மயிலின் தோகையும் காணும் கோணத்துக்கேற்ப மாறி மின்னுகின்றன. கரியதாகத் தோன்றும் தேன்சிட்டு, சற்றே திரும்பியதும் ஊதாவாய் ஒளிர்வதைக் கண்டிருப்போம். இரண்டும் உண்மையே. அந்தக் கணத்தில் அந்த ஒளியில் தோன்றிய நிறத்தை வைத்திருப்பதே படத்தின் கடமை. எல்லாக் கணத்திலும் ஒரே நிறமாக மின்னச் செய்வது பறவையின் இயல்பை மறைப்பதாகும்.

இதில் அழகுக்கு மேற்பட்ட ஒன்றும் உண்டு. நிறமே பல பறவைகளுக்கு அடையாளம். சின்னக் கொக்கின் கால் கருப்பு, பாதவிரல் மஞ்சள். உள்ளான்களுள் உருவத்தால் ஒன்றையொன்று ஒத்த சிற்றினங்களைப் பிரித்தறியக் காலின் நிறம் கருப்பா, மஞ்சளா என்பதே பெருந்துணை. படம் முழுவதும் வெம்மையாக இருக்கட்டும் என்று மஞ்சளைக் கூட்டும்போது, நாம் அறியாமலே ஓர் இனத்தை இன்னோர் இனமாக்கிவிட நேரும்.

படம் சான்றாகும்போது

படம் சுவரில் தொங்கும் அழகுப்பொருளாக மட்டும் இருந்த காலத்தில் இத்தகைய பிழையால் பெருந்தீங்கு இல்லை. இன்று அது சான்றாகிவிட்டது. 2002இல் தொடங்கப்பெற்ற 'இ-பேர்ட்' என்னும் பதிவேட்டில் நம் நாட்டுப் பறவை ஆர்வலர் பல்லாயிரவர் தாம் கண்ட பறவைகளைப் பதிகின்றனர். அரிய பறவையைக் கண்டதாகக் கூறுவோரிடம் மதிப்பீட்டாளர்கள் சான்று கேட்கின்றனர். அச்சான்று பெரும்பாலும் புகைப்படமே. 30,000க்கும் மேற்பட்டோர் தந்த 3 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளைக் கொண்டே 'இந்தியப் பறவைகளின் நிலை' என்னும் 2023ஆம் ஆண்டு அறிக்கை 942 இனங்களை மதிப்பிட்டது. அவற்றுள் 178 இனங்கள் உடனடிக் கவனம் வேண்டுவன என்று கண்டது. எந்த ஏரியைக் காப்பது, எந்த இனத்துக்கு முதலிடம் தருவது என்ற முடிவுகள் இத்தகைய பதிவுகளை நம்பியே எழுகின்றன. பொய்ப்படம் ஒன்று அப்பதிவேட்டில் நுழைந்தால், இல்லாத பறவை இருப்பதாகிவிடும். இருக்கும் பறவைக்குரிய காவல் பிழையான இடத்துக்குப் போய்விடும்.

உலகப் புகழ்பெற்ற போட்டிகளும் இதனை உணர்ந்துள்ளன. இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் காட்டுயிர்ப் புகைப்படப் போட்டியில் 2009ஆம் ஆண்டு முதற்பரிசு பெற்றது, வேலியைத் தாண்டும் ஓநாயின் படம். அது பழக்கப்படுத்தப்பட்ட ஓநாயாகவே இருக்கவேண்டும் என்று நடுவர்கள் முடிவுசெய்து, 2010இல் அப்பரிசைத் திரும்பப் பெற்றனர். 2017இல் ஒரு பிரிவில் வென்ற எறும்புண்ணியின் படம், பாடம் செய்யப்பட்ட உடலைக் கொண்டது என்று முடிவுசெய்யப்பட்டு 2018இல் விலக்கப்பட்டது. எடுத்தவர்கள் இருவரும் அம்முடிவுகளை மறுத்தனர் எனினும், ஐயம் ஒருமுறை படிந்தபின் படத்தின் அழகு அதனைக் காக்கவில்லை என்பது நோக்கத்தக்கது. அங்கே கணினித் திருத்தம் எதுவும் குற்றமாகக் கூறப்படவில்லை என்பதையும் கருதுதல் வேண்டும். படத்தின் வாய்மை, விசையை அழுத்துவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

வாய்மைக்கும் ஓர் எல்லை உண்டு. கானமயில் போன்று அழிவின் விளிம்பில் நிற்கும் பறவைகளின் இருப்பிடத்தை ஊரறியச் சொல்வது அவற்றுக்கே கேடாய் முடியும். படக்கோப்புக்குள் இடக்குறிப்பு தானாகவே பதியும் வசதி பல கருவிகளில் உண்டு. பொதுவில் வெளியிடும் படியில் அதனை நீக்கிவிட்டு, ஆய்வாளர்க்கும் வனத்துறைக்கும் மட்டும் இடத்தைத் தெரிவித்தல் நன்று. தீமை பயக்கும் இடத்தில் மறைத்துக் காப்பதும் வாய்மையின்பாற்பட்டதே.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், பறவையை நெருங்குவதற்கும் படத்தைத் திருத்துவதற்கும் விதி ஒன்றே என்பது பெறப்படும். அங்கே இருந்ததற்கு ஊறு செய்யாதிருத்தலே அவ்விதி. கூட்டின் இலையை ஒடிப்பவனும் படத்தின் கிளையை அழிப்பவனும், பறவைக்கு உரியதைத் தம் அழகுணர்ச்சிக்காகப் பறிப்பவர்களே ஆவர்.

தமிழ்த்துறை மாணவர்க்கு இதில் தனியானதொரு பணி காத்திருக்கிறது. மடையான், நத்தைக்குத்தி, கரிச்சான், செண்பகம், வால்காக்கை, தவிட்டுக்குருவி என நம் ஊர்களில் வழங்கும் பறவைப்பெயர்கள் மூத்தோர் நாவில் மட்டுமே எஞ்சி நிற்கின்றன. ஒரே பெயர் ஊருக்கு ஊர் வெவ்வேறு பறவையைக் குறிப்பதும் உண்டு. திருத்தம் மிகாத நல்ல படம் ஒன்றைக் காட்டி, இதன் பெயர் யாது என்று உழவரையும் மீனவரையும் வீட்டிலுள்ள பாட்டனார் பாட்டிமாரையும் கேட்கவேண்டும். அவர்கள் சொல்லும் பெயரையும், படமெடுத்த நாளையும், ஊரையும், செய்த திருத்தத்தையும் படத்தின் அடியில் எழுதிவைக்கவேண்டும். பொங்கல் விடுமுறையை ஒட்டித் தமிழகமெங்கும் ஆண்டுதோறும் பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. அந்நாட்களில் கல்லூரி வளாகத்து மரங்களிலிருந்தே இப்பணியைத் தொடங்கலாம். நிறத்தை மிகுத்த படத்தைக் காட்டினால், பெரியவர் "இப்படி ஒரு பறவையை நான் கண்டதில்லை" என்று சொல்லிவிடுவார். ஒரு பெயர் அதனோடு மறைந்துபோகும். உள்ளது உள்ளவாறு எடுத்த படமே அவருடைய நினைவிலிருந்து அச்சொல்லை மீட்டுத் தரும்.